குடியிருந்துகொண்டே பழைய வீட்டைப் புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரின் பழைய தெருக்களிலும், குடியாத்தம், ஆற்காடு, வாலாஜாபேட்டை பக்கமும் தாத்தா காலத்து மெத்தை வீடுகளும் (தட்டையான மொட்டைமாடிக் கூரை போட்டவை) ஓட்டு வீடுகளும் இன்னும் நிறைய இருக்கின்றன. பலரும் அவற்றை இடிக்க மனமில்லாமல், மொத்தமாகச் சரிசெய்யப் பணமும் இல்லாமல், உள்ளேயே குடியிருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கிறார்கள். எங்கள் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு உறவினர்களும் தெருக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வாடகை வீட்டுக்குப் போய்விட்டு ஒரே மூச்சில் முடிப்பது நல்லதில்லையா?

முழுப் பணமும் கையில் இருந்தால் அதுதான் சுலபம். ஆனால் சிஎம்சி பக்கம் சிகிச்சைக்கு வருகிறவர்கள், காட்பாடி பக்கம் விஐடி மாணவர்கள் என்று எப்போதும் ஆள் இருப்பதால் வேலூரில் நல்ல வாடகை வீடு மலிவாகக் கிடைப்பதில்லை. வாடகை, அட்வான்ஸ், சாமான் ஏற்றி இறக்குவது என்று போகிற பணத்தை வீட்டிலேயே போடலாமே என்று நினைப்பது நியாயம்தான். தவிர, வீட்டில் இருந்தால் வேலை கண் முன்னால் நடக்கும்.

இரண்டு நிலைமைகளில் மட்டும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஒன்று, கூரையை முழுதாகப் பிரிக்கும்போது. இன்னொன்று, தாங்கும் சுவரிலேயே பெரிய விரிசல் விட்டு, முட்டு கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கும்போது. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

எல்லாமே பழுதாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் கூரையும் மழைத்தண்ணீர் போகும் வழியும். அப்புறம் வயரிங், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய். அதற்குப் பிறகு சுவர்ப் பூச்சு, தரை. பெயிண்ட் கடைசி. கூடத்துக்கு டைல்ஸ் போட்ட பிறகு கூரையைத் தொட்டால் புதுத் தரைமேல்தான் சாரம் நிற்கும்.

இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டமும், அதோடு பணம் தீர்ந்து வேலை இரண்டு வருடம் நின்றுபோனாலும் குடும்பம் அப்படியே குடியிருக்கும்படி முடிய வேண்டும். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் வரும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், கல்யாணம் கூடிவரும். எல்லா அறைகளையும் பாதிப் பாதி திறந்துவைத்த வீட்டில் இவற்றில் எது வந்தாலும் தவிப்புதான். அதனால் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதை மூடி, கதவு மாட்டி, விளக்கு எரியவிட்ட பிறகுதான் அடுத்த பக்கம். மேஸ்திரி, "சேர்த்துச் செஞ்சா கூலி மிச்சம் சார்" என்பார். அவர் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மெத்தை ஒழுகுகிறது. எல்லாவற்றையும் தட்டிவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். நம் பக்கத்துப் பழைய மெத்தை வீடுகள் பலவும் மெட்ராஸ் டெரஸ் முறையில் கட்டியவை. நெருக்கமாக வைத்த தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சுண்ணாம்புக் கலவையில் சாய்கோணமாகக் குத்திட்டு அடுக்கிய ஆச்சிக்கல் எனும் மெல்லிய சிறு செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு எனும் தட்டையான சுட்ட மண் ஓடு. இந்தக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதை லேசில் விடமாட்டார்கள்.

ஒழுகும் காரணம் பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும். தட்டோட்டு இணைப்பு விட்டிருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை பிளந்திருக்கும். மழைத்தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் சருகு அடைத்திருக்கும். அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே வெட்டுவது பயனில்லை, மறுபடி துளிர்க்கும். அந்த இடத்துச் செங்கல்லைப் பிரித்து, வேரோடு எடுத்துவிட்டுப் பூச வேண்டும்.

பழைய தட்டோட்டின் மேலேயே புது ஜல்லித் தளம் போட்டு, அதன்மேல் கூலிங் டைல்ஸ் ஒட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அத்தனை பாரமும் அந்தப் பழைய கட்டைகள்மேல்தான் இறங்குகிறது. புது அடுக்கு வேண்டுமென்றால், கெட்டுப்போன பழைய அடுக்கைப் பகுதி பகுதியாக எடுத்துவிட்டுப் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் கவனியுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் 1 டன் எடை. அது கூடத்து நடு மெத்தையில் நின்றால், சுவர்களுக்கு மேலே இரும்புச் சட்டம் வைத்து அதன்மேல் மாற்றுவது முதல் கட்ட வேலை.

கட்டை நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எல்லோரும் நடுப்பகுதியை அண்ணாந்து பார்த்துவிட்டு "தேக்குதானே, ஒன்றும் ஆகாது" என்பார்கள். கட்டை கெடுவது நடுவில் இல்லை, சுவருக்குள் புகும் இரண்டு முனைகளில். சுவரில் இறங்கும் ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும்.

ஏணி போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் முனையிலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும். உள்ளே பொக்கை விழுந்திருந்தால் சத்தம் மந்தமாக அடங்கும். அப்படிக் கேட்ட இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். நுனி மட்டும் பதிந்தால் பயமில்லை. சுலபமாக உள்ளே இறங்கி, இழுக்கும்போது மாவு மாதிரித் தூள் கொட்டினால் அந்த முனை போய்விட்டது. பழைய பெயிண்ட் கனமாக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, அதனால் தட்டித்தான் பார்க்க வேண்டும். சுவரில் கரையானின் மண்கோடு ஓடுகிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முனை மட்டும் கெட்டிருந்தால் முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டு இறுக்கலாம், அல்லது சுவரை ஒட்டி ஒரு இரும்பு உத்தரம் கொடுத்துத் தாங்கலாம். எது சரி என்பதைக் கட்டடப் பொறியாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண்செலவு இல்லை. வேலை முடியும்வரை அந்தக் கட்டைக்குக் கீழே முட்டு நிற்கட்டும், அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

எந்த மாதத்தில் ஆரம்பிக்கலாம்?

கூரையைத் தொடுவதென்றால் தை பிறந்த பிறகு தொடங்கி, சித்திரைக்குள் மூடிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மட்டும்தான் மழைக்காலம் என்று திட்டம் போட வேண்டாம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையிலும் நல்ல பங்கு உண்டு. ஆடி, ஆவணியில் பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு கொட்டும். கோடையிலும் திடீர் மழை வரும், அதனால் கூரை திறந்திருக்கும் நாள் முழுக்க நல்ல தார்ப்பாய் கையில் இருக்கட்டும்.

ஆடி, மார்கழியில் வேலை தொடங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதற்குக் கட்டுப்படுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த மாதங்களில் உள்வேலைக்குப் பொருள் வாங்கி வைக்கலாம்.

வெயில் காலத்தில் கான்கிரீட், பூச்சு வேலைக்குத் தண்ணீர் விடுவதுதான் உயிர். நம் ஊர் மாதிரி வறண்ட வெயிலில், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட் போட்ட கான்கிரீட்டை 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். சாக்கு போர்த்தி நனையுங்கள். சித்தாள் காலையில் ஒருமுறை ஊற்றிவிட்டுப் போனால் கத்திரி வெயிலில் பத்து மணிக்கே காய்ந்துவிடும். இந்த ஒரு வேலைக்கு வீட்டில் குடியிருப்பவர்களைவிட நல்ல ஆள் கிடையாது.

சுவரில் ஓதம் ஏறி, எத்தனை முறை பூசினாலும் உப்புப் பூத்து உதிர்கிறது. என்ன செய்வது?

முதலில் சிமென்ட் பூசுவதை நிறுத்துங்கள். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் கலந்த பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை, இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது என்று பலர் சொல்வது இதனால்தான்.

அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வீட்டுத் தரை தாழ்ந்து, சாக்கடைத் தண்ணீர் சுவரோரம் நிற்கிறதா? மாடியிலிருந்து இறங்கும் குழாய் அங்கேயே கொட்டுகிறதா? பாத்ரூம் குழாய் உள்ளே கசிகிறதா? காரணத்தைச் சரிசெய்துவிட்டு, சிமென்ட் பூச்சைச் செங்கல் தெரியும்வரை உதிர்த்து, சுவரை ஒரு கோடை முழுக்கத் திறந்தே காயவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, விருந்தாளிகள் கேட்பார்கள். இருக்கட்டும். அப்புறம் சுண்ணாம்புக் கலவை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்து அரைத்த பழைய முறைக் கலவைக்கு இப்போது கொத்தனார் கிடைப்பது அரிது. வயதான கொத்தனார்களை விசாரித்துப் பாருங்கள், சொல்லிக்கொடுக்க அவர்கள் தயாராகவே இருக்கிறார்கள். ஆள் கிடைக்காவிட்டால், நன்றாக நீர்த்த சுண்ணாம்பும் மணலும் மட்டும் கலந்தாலும் சிமென்ட்டைவிட அந்தச் சுவருக்கு நல்லது.

கிச்சன் வேலை நடக்கும்போது சமையலுக்கு என்ன வழி?

பின் தாழ்வாரத்தில் மேடை மாதிரி ஒரு மேஜை, அடுப்பு, பக்கத்தில் பாத்திரம் கழுவ ஒரு குழாய். இவை தயாரான பிறகுதான் பழைய கிச்சனில் கை வைக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து, காற்றோட்டமான இடத்தில், வெல்டிங்கும் கட்டிங் மெஷினும் ஓடும் பக்கத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். ஒருமுறை புது மேடைக்கு முன்னால் உங்கள் அம்மாவையோ மனைவியையோ, யார் அதிகம் சமைக்கிறார்களோ அவர்களை நிற்கவைத்து உயரம் அளந்த பிறகு கல் வையுங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் நிற்கப்போவது அவர்கள்தான்.

ஒரே ஒரு பாத்ரூம்தான், அதுவும் தோட்டத்துப் பக்கம். எப்படிச் சமாளிப்பது?

பழையதை இடிக்கும் முன் புதியதைக் கட்டுங்கள். இதில் மாற்று வழி இல்லை. வயதானவர்கள் படுக்கும் அறையை ஒட்டிக் கட்டினால் ராத்திரி இருட்டில் தோட்டத்துக்கு நடக்க வேண்டியதில்லை. வாசலை மூன்றடி அகலம் வையுங்கள், நாளைக்கு சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும். வழுக்காத டைல்ஸ், சுவரில் கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட். டைல்ஸ் ஒட்டும் முன் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, எங்கேயும் கசியவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

வயரிங்கை எப்படிக் கட்டம் கட்டமாக மாற்ற முடியும்?

முடியும். முதலில் மீட்டருக்குப் பக்கத்தில் புது டிபி பாக்ஸ் (லைன்களைப் பிரித்து அனுப்பும் பெட்டி), நல்ல எர்த், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அப்புறம் ஒவ்வொரு அறைக்கும் தனி லைன். ஒரு அறை முடிந்ததும் அதைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, அந்த அறையின் பழைய வயரை எடுத்துவிட வேண்டும். மரச் சட்டத்தில் ஓடும் பழைய அலுமினிய வயர், எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் இருக்கும் வீட்டில் கூரைக்கு அடுத்த வேலை இதுதான். ஏசி போடும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்துவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரைக் குறுக்காக நீளமாக வெட்டவிடாதீர்கள். செங்குத்தாக வெட்டலாம், அல்லது குழாயைச் சுவருக்கு வெளியே ஓட்டலாம். தண்ணீர்க் குழாய்க்கும் இதே பேச்சுதான்.

போர்வெல் தண்ணீரில் கலவை போடலாமா?

ருசி பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதனைக்குக் கொடுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இதை அலட்சியம் செய்யவே கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்டது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். தண்ணீர் சரியில்லை என்றால் கான்கிரீட்டுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரியில் வாங்குங்கள்.

தூசியும் சத்தமும் தாங்கவில்லை. கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கிறார்கள்.

வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி ஒரு அறையைச் சுத்தமான அறையாக ஒதுக்குங்கள். அதற்குள் சிமென்ட் மூட்டையோ சுத்தியலோ ஒருநாளும் வரக் கூடாது. வாசலில் ஈரத்துணித் திரை. வேலையாட்கள் போக வர, முடிந்தால் பின்வாசல்.

இரண்டு ஆபத்துகளைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய கதவு ஜன்னல்களில் இருக்கும் எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் அதை உலர்ந்தபடி மெஷின் வைத்துத் தேய்க்கக் கூடாது. நனைத்துச் சுரண்டி, தூளைத் துடைத்து எடுக்க வேண்டும், அல்லது கதவைக் கழற்றி வெளியே அனுப்ப வேண்டும். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழுசு முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு, வேலையாட்களுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பூச்சு, பெயிண்ட், தரை மாற்றுவது போன்றவற்றுக்குப் பொதுவாக வேண்டாம். புது அறை, மாடி என்று பரப்பு கூடினால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் வரைபட அனுமதி வேண்டும். கோட்டைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதல் விதி உண்டு. வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது.

வீடு இன்னும் பாகம் பிரிக்கவில்லை. நான் மட்டும் செலவு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட பிறகு. அண்ணன் தம்பிகளிடம் மட்டும் கேட்டால் போதாது. இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்கும் உரிமை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது, 2005-ல் நாடு முழுதுக்கும் வந்தது. அக்கா தங்கைகளையும் கூப்பிட்டு, யார் எவ்வளவு போடுகிறார்கள், நாளைக்குப் பிரிக்கும்போது அந்தப் பணத்துக்கு என்ன கணக்கு என்று வக்கீல் ஒருவரை வைத்து எழுதுங்கள். பில்களைப் பத்திரமாக வையுங்கள். வீட்டைச் சரிசெய்யப் போய் உறவு கெட்டுவிடக் கூடாது.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

கட்டம் வாரியாகத் தனி ஒப்பந்தம். முழு வீட்டுக்கும் ஒரே தொகை பேசாதீர்கள், பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று மேஸ்திரிக்கும் தெரியாது. பொருள் நீங்கள் வாங்கிக்கொடுத்து, கூலி மட்டும் பேசுவது குடியிருக்கும் வீட்டுக்கு ஏற்றது. சனிக்கிழமைக் கூலியை அந்த வாரம் முடிந்த வேலையைப் பார்த்துக் கொடுங்கள். மதிப்பிட்ட தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு தனியாக இருக்கட்டும். வங்கிக் கடன் வாங்கினால், குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு.

திண்ணை, தூண், பழைய கதவு, ரெட் ஆக்சைடு தரை எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

எடுக்காதீர்கள். அந்தத் தேக்கை இன்று கடையில் வாங்கப் போனால் விலை தெரியும். வெடிப்பு விடாத ரெட் ஆக்சைடு தரையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலே பளபளப்பு திரும்பும். கார் நிறுத்தத் திண்ணையை எடுப்பது உங்கள் முடிவு. ஆனால் சாயங்காலம் பெரியவர்கள் உட்கார்ந்து நாலு பேரோடு பேச வேறு இடம் இருக்கிறதா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

மேலே ஒரு மாடி எழுப்பலாமா?

மெட்ராஸ் டெரஸ் மேலே கூடாது.

பெயிண்ட் எப்போது?

புதுப் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, குறைந்தது ஒரு மாதம் கழித்து. சுண்ணாம்புச் சுவருக்கு வெள்ளை அடிப்பதே போதும், நிறம் வேண்டுமானால் அதிலேயே கலந்துகொள்ளலாம். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று ஈரச் சுவரில் அடித்தால் ஆடிக்குள் கொப்புளம் விடும். அந்தப் பொங்கலுக்கு வாசலுக்கு மட்டும் அடித்துவிட்டு, உள்ளே மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.